மேசையில் நிற்பதும் தோளில் தொங்குவதும்

உயர்தரம் முடித்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டால், வன்னி வீடுகளில் அடுத்த பெரிய செலவு பெரும்பாலும் ஒரு மடிக்கணினி. கனடாவிலிருந்து சித்தப்பா காசு அனுப்புவார். இல்லையென்றால் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகும். அதுவும் முடியாவிட்டால் கிளிநொச்சி நகரத்தில் தவணைக்கு எடுப்பார்கள். காசு எந்த வழியால் வந்தாலும் வாங்குவது ‘லப்டொப்’தான். படிப்பைப் பொறுத்தவரை அதில் பிழையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்துக்கோ யாழ்ப்பாணம் திருநெல்வேலி வளாகத்துக்கோ போகிற பிள்ளைக்குப் பையில் போகும் கணினிதான் உதவும்.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. தங்கையின் சாமத்தியவீட்டு வீடியோவை வெட்டி ஒட்டுவது, புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலில் எடுத்த படங்களை நிறம் திருத்துவது, நண்பர்களோடு குறும்படம் செய்வது, சொந்தமாக மெட்டமைத்துப் பாட்டுப் பதிவது, பிளெண்டரில் முப்பரிமாண உருவம் பழகுவது என்று எல்லாம் அதே கணினியின் தலையில் ஏறுகின்றன. படிப்புக்கென்று எடுத்த 8 ஜிபி நினைவகக் கணினி இவற்றைத் தாங்குவதில்லை. சூடேறித் திணறுகிறது, இடையில் நின்றுபோகிறது. ஆசையோடு தொடங்கிய பிள்ளை ‘எனக்கு இது சரிவராது’ என்று கைவிட்டுவிடுகிறது. சரிவராதது பெரும்பாலும் கணினிதான், பிள்ளையல்ல.

ஆகவே, படைப்பு வேலைக்கும் மடிக்கணினியே போதும் என்ற வழக்கத்தை முரசுமோட்டை போன்ற ஓர் ஊரின் வெயில், மின்சாரம், வெள்ளம், திருத்தும் கடை ஆகியவற்றோடு சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும். கணினி விளம்பரங்களிலும் வெளிநாட்டு மதிப்பீட்டு வீடியோக்களிலும் இந்த நான்கும் இடம்பெறுவதில்லை.

பரந்தன் சந்தியில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால், இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களுக்கிடையில் வருகிறது முரசுமோட்டை. உலர்வலயம். சித்திரை, வைகாசியில் சீற் கூரையின் கீழ் நண்பகல் அறைக்குள் இருப்பதே பாடு. கணினிக்கும் அப்படித்தான். உள்ளே இருக்கும் சில்லு தன் சூட்டை அறையின் காற்றுக்குத்தான் தள்ள முடியும். அறை ஒரு பாகை கூடினால் சில்லும் ஏறக்குறைய அந்த ஒரு பாகை கூடும். எல்லையைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெல்லிய மடிக்கணினியின் சில்லு வழமையாக 15 வொட்டுக்கு வடிவமைக்கப்பட்டது. சிறிது நேரம் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்குக்குத் தாவும், பிறகு இறங்கிவிடும். மேசைக்கணினியின் சாதாரண சில்லே 65 வொட்டில் மணிக்கணக்காக ஓடக்கூடியது. அதற்கேற்ற விசிறிக்கும் காற்றோட்டத்துக்கும் பெட்டிக்குள் இடம் உண்டு.

கடையில் பத்து நிமிடம் போட்டுப் பார்க்கும்போது இந்த வேறுபாடு தெரியாது. ஒரு மணித்தியால வீடியோவை ஏற்றுமதி செய்யும்போதுதான் தெரியும். எழுதுவதற்கும் இணையம் பார்ப்பதற்கும் கணினி இடையிடையே சில செக்கன்கள் மட்டுமே பாடுபடுகிறது. வீடியோவும் முப்பரிமாண வேலையும் அதை விடாமல் பாடுபட வைக்கின்றன. படைப்பு வேலைக்குக் கணினி எடுப்பவர் கடையில் கேட்கவேண்டியது, எவ்வளவு வேகம் என்பதோடு, அந்த வேகம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும்தான்.

வரைகலை அட்டையில் வாங்குபவரைக் குழப்பும் இன்னொன்று இருக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 என்ற பெயர் இரண்டு வகைக் கணினிகளிலும் ஒட்டப்பட்டிருக்கும். மேசைக்கணினியில் அது 12 ஜிபி நினைவகத்தோடும் 5,888 கணிப்புக் கருக்களோடும் வருகிறது. மடிக்கணினியில் அதே பெயரில் இருப்பது 8 ஜிபியும் 4,608 கருக்களும் கொண்ட வேறொரு சில்லு. ஆர்டிஎக்ஸ் 4060இல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மடிக்கணினி தயாரிப்பாளர் அதற்கு 35 வொட்டிலிருந்து 115 வொட் வரை எதையும் கொடுக்கலாம். ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர், வேகம் மட்டும் வேறு. வாங்குபவர் வொட் அளவைக் கேட்டு எழுதி எடுப்பது நல்லது.

வீட்டுக் கணினியால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு லத்வியாவின் கிண்ட்ஸ் சில்பலோடிஸ் அண்மைய சாட்சி. அவருடைய ‘ஃப்ளோ’ என்ற உயிரூட்டப் படம் 2025 மார்ச்சில் சிறந்த உயிரூட்டத் திரைப்படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. பேசாத ஒரு பூனையின் கதை அது. ஊரை வெள்ளம் மூட, ஒரு படகில் வேறு விலங்குகளோடு தப்புகிறது. படம் முழுவதும் இலவச மென்பொருளான பிளெண்டரில் செய்யப்பட்டது. பெரிய நிறுவனங்கள் இறுதிக் காட்சிகளை உருவாக்க நூற்றுக்கணக்கான கணினிகளை வரிசையாக ஓடவிடும் இடத்தில், அவர் தன்னுடைய சொந்தக் கணினியிலேயே அதைச் செய்து முடித்தார். அந்தப் படத்துக்குப் பின்னால் பல நாட்டுக் கலைஞர்களும் சில மில்லியன் யூரோக்களும் இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவரே அதற்கு முன் 2019இல் ‘அவே’ என்ற முழுநீளப் படத்தைத் தனியொருவராகச் செய்து முடித்திருந்தார். வன்னிப் பிள்ளைக்கு உதவும் எடுத்துக்காட்டு அதுதான்.

இனி மின்சாரம். மடிக்கணினியின் பக்கம் தராசு சாயும் இடம் இது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் வன்னி வீடுகளில் இருக்கிறது. தேசிய மின்வலையமைப்பு இந்த ஊர்களுக்குத் திரும்பியது போர் முடிந்த பிறகுதான். பிறகு 2022 வந்தது. அந்த மார்ச் மாத முடிவில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததால் இலங்கை முழுவதும் இருண்டது என்று அரசு விளக்கம் சொன்னது. இப்படிப்பட்ட நாட்டில் பற்றரி உள்ள கணினியை விரும்புவதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் அந்தப் பற்றரி எதைக் காக்கிறது என்பதைச் சரியாகப் பார்க்கவேண்டும். சாதாரண மடிக்கணினிப் பற்றரியின் கொள்ளளவு 50 வொட்-மணி அளவில் இருக்கும். ‘எட்டு மணித்தியாலம் நிற்கும்’ என்று பெட்டியில் எழுதியிருப்பது கடிதம் எழுதும் வேலைக்கு. வீடியோ வெட்டும்போது கணினி 40, 50 வொட் எடுக்கும். ஒரு மணித்தியாலத்தோடு பற்றரி முடிந்துவிடும். போதாக்குறைக்கு, செருகியைக் கழற்றியதும் வரைகலைச் சில்லின் சக்தியைப் பல கணினிகள் தாமாகவே குறைத்துவிடுகின்றன. ஆக, நீண்ட மின்வெட்டில் மடிக்கணினி காப்பாற்றுவது எழுதுபவரையும் வரைபவரையும், வீடியோக்காரரை ஓரளவுக்குத்தான்.

மேசைக்கணினிக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்று பத்து நிமிடம் அளவுக்குத் தாங்கும். கோப்பைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துவதற்கு அது போதும். தொடர்ந்து வேலை செய்யப் போதாது. அதன் பற்றரியும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. கணினி வாங்கும்போது இந்தச் செலவை யாரும் எண்ணுவதில்லை. யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினியை முரசுமோட்டையில் வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குச் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவைக்கும் பழக்கமும் சேர்ந்தே வரவேண்டும்.

மின் கட்டணம் இன்னொரு கணக்கு. 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. பிறகு குறைந்தும் கூடியும் வந்திருக்கிறது. ஆனால் அடிப்படை அமைப்பு மாறவில்லை: மாதம் 60 அலகைத் தாண்டும் வீடு முதல் அலகிலிருந்தே கூடிய கட்டண அட்டவணைக்குப் போய்விடும். திரையும் சேர்த்து 200 வொட் எடுக்கும் மேசைக்கணினியை நாளுக்கு நான்கு மணித்தியாலம் ஓடவிட்டால் மாதம் 24 அலகு. அதே நேரத்துக்கு 50 வொட் மடிக்கணினி 6 அலகு. 50 அலகில் வாழும் வீட்டை ஒன்று 74க்குத் தள்ளுகிறது. மற்றது 56இல் நிறுத்துகிறது. பல வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் மேசைக்கணினியின் விலைமலிவில் ஒரு பங்கை இந்த வேறுபாடு தின்றுவிடும். மேசைக்கணினியைப் பரிந்துரைப்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

எங்கும் தூக்கிச் செல்லக்கூடிய கணினி என்ற ஆசைக்குத் தமிழ்நாட்டோடு ஓர் உறவு உண்டு என்பதை இங்கே சொல்லாமல் கடக்க மனமில்லை. 1981இல் வணிக வெற்றி கண்ட முதல் கையடக்கக் கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஆடம் ஒஸ்போன் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். ரமண மகரிஷியின் அடியாரான ஆதர் ஒஸ்போனின் மகன். கடைசிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்து 2003இல் அங்கேயே இறந்தார். அவருடைய ஒஸ்போன் 1 ஏறக்குறைய 11 கிலோ எடை. 5 அங்குலத் திரை. விலை 1,795 டொலர். உள்ளே பற்றரியே இல்லை. சுவரில் செருகாமல் ஓடாத அந்தப் பெட்டியை மக்கள் விரும்பி வாங்கினார்கள் என்றால், கணினியை எடுத்துக்கொண்டு போகும் விருப்பம் எவ்வளவு ஆழமானது என்பது விளங்கும்.

வன்னியில் அந்த விருப்பத்துக்கு வேறொரு கனம் இருக்கிறது. போரின் இறுதிக் கட்டத்தில், 2008, 2009இல், இந்த முல்லைத்தீவு வீதி வழியேதான் சனம் கிழக்கு நோக்கி நகர்ந்தது. கலியாண அல்பங்கள், பதிவு செய்த கசெற்றுகள், எழுதிய கொப்பிகள் எல்லாம் வழியில் கைவிடப்பட்டன. அந்த இழப்பு இன்னும் வீடுகளில் பேசப்படுகிறது. போர் போன பிறகும் தண்ணீர் வருகிறது. 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பிக் கதவுகள் திறக்கப்பட்டபோது கண்டாவளைப் பக்கத்து மக்கள் பாடசாலைகளிலும் பொதுநோக்கு மண்டபங்களிலும் தங்க நேர்ந்தது. மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிடலாம். நிலத்தில் வைத்த பெட்டிக்குள் தண்ணீர் ஏறினால் கதை முடிந்தது.

இந்த அச்சம் நியாயமானது. ஆனால் காப்பாற்ற வேண்டியது கணினியை அல்ல, உள்ளே இருக்கும் வேலையை. இரண்டு வெளி வன்தட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வைத்தால் இரண்டு வகைக் கணினியும் இந்த விடயத்தில் சமமாகிவிடும். மடிக்கணினியில் எல்லாம் இருக்கிறது என்று நம்பி அதிலேயே ஒற்றைப் பிரதி வைத்திருப்பவர், அது கீழே விழும் நாளில், வெள்ளத்தில் பெட்டியை இழந்தவர் இழந்த அளவையே இழக்கிறார்.

திருத்துவதில் மேசைக்கணினி தெளிவாக முன்னே நிற்கிறது. மின்வழங்கி போனால் கிளிநொச்சியிலேயே வாங்கி மாட்டலாம். நினைவகத் தட்டு, வன்தட்டு, விசிறி எல்லாம் ஒரு திருப்புளியோடு முடியும் வேலை. பல்லியும் எறும்பும் புகுந்தால்கூடத் திறந்து துடைக்கலாம். மடிக்கணினியின் ‘போட்’ எனப்படும் தாய்ப்பலகை போய்விட்டால் பெரும்பாலும் 65 கிலோமீற்றர் தள்ளியுள்ள யாழ்ப்பாணத்துக்கோ, அங்கேயும் முடியாவிட்டால் கொழும்புக்கோ அனுப்பவேண்டும். மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்தே விடுகிறார்கள். 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். நாள் முழுவதும் செருகியே கிடக்கும் மடிக்கணினியின் பற்றரி, வெயிலும் சேர, வீங்கிவிடுவதும் உண்டு. மின்னேற்றத்தை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இப்போது பல கணினிகளில் இருக்கிறது. அதைப் போட்டுவைப்பவர் குறைவு.

இந்த இடத்தில் பழைய கணினிச் சந்தை உதவிக்கு வருகிறது. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்சென்டர் பெட்டிகள் இலங்கையெங்கும் விற்கப்படுகின்றன. புதிய மலிவு மடிக்கணினி ஒன்றின் விலைக்குள் இப்படியொரு பெட்டி, நல்ல திரை, யூபிஎஸ், வெளி வன்தட்டு நான்கையும் பல வேளைகளில் அடக்கிவிடலாம். அதற்குள்ளும் பொறி உண்டு. ஒடுக்கமான சிறிய பெட்டியை எடுத்தால், முழு அளவு வரைகலை அட்டை உள்ளே போகாது. அதன் மின்வழங்கியும் 200 வொட்டைச் சுற்றியே இருக்கும். வேறு நிறுவனத்து மின்வழங்கியும் பொருந்தாது. 75 வொட்டுக்கு உட்பட்ட குட்டை அட்டைகள் மட்டுமே பொருந்தும். உயரமான ‘டவர்’ பெட்டியாகக் கேட்டு எடுக்கவேண்டும். இன்ரெல் 8ஆம் தலைமுறைக்கு முந்திய கணினிகளுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்தது. அதனால் மலிவாகத் தள்ளப்படும் 4ஆம், 6ஆம் தலைமுறைப் பெட்டிகளை லினக்ஸ் பழகத் தயாராக உள்ளவர் மட்டும் தொடலாம். பிளெண்டர், கிரிட்டா, கிம்ப், ஆர்டர் ஆகியவை அதிலும் நன்றாகவே ஓடும்.

‘இப்போதைக்கு 8 ஜிபியோடு எடுப்போம், பிறகு கூட்டிக்கொள்ளலாம்’ என்பது மேசைக்கணினிக்காரர்களின் பழைய வாதம். 2025இன் பிற்பகுதியில் அது வலுவிழந்தது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்ள, சில்லறைச் சந்தையில் விலை கடுமையாக ஏறியது. டிசம்பரில் மைக்ரொன் நிறுவனம் தன் குரூஷல் பெயரிலான சில்லறை வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. பழைய பெட்டி வாங்குபவர் 16 ஜிபி ஏற்கெனவே மாட்டியிருப்பதைத் தேடி எடுப்பதே இப்போது புத்தி.

படங்களை நிறம் திருத்துபவருக்குச் சில்லைவிடத் திரை முக்கியம். மலிவு மடிக்கணினித் திரைகள் இணையப் படங்களுக்கான அடிப்படை நிறவெளியில் மூன்றில் இரண்டு பங்கையே காட்டுகின்றன. சுண்டிக்குளத்துப் பூநாரையின் இளஞ்சிவப்பு அதில் சாயம் போன சேலை நிறமாகத் தெரியும்; அதை நம்பித் திருத்தினால் அச்சில் மிகையாக வரும். 24 அங்குல ஐபிஎஸ் திரை ஒன்று இந்தக் குறையைத் தீர்ப்பதோடு கழுத்தையும் காப்பாற்றும். அதை மடிக்கணினியோடும் இணைக்கலாம் என்பதால் இது திரைக்கான வாதமே தவிர மேசைக்கணினிக்கானது அல்ல.

ஒலிப்பதிவில் நிலைமை தலைகீழ். காத்தவராயன் கூத்தைப் பதியவேண்டுமென்றால் கூத்து நடக்கும் இடத்துக்குத்தான் போகவேண்டும், விடியும்வரை ஆடுவார்கள். அங்கே மேசைக்கணினிக்கு வேலையில்லை. வீட்டில்கூட, நிலத்தொடுப்புச் சரியில்லாத மின்னிணைப்பால் ஒலிவாங்கியில் ஏறும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல், மடிக்கணினியின் செருகியைக் கழற்றிப் பற்றரியில் ஓடவிட்டதும் பல வேளைகளில் நின்றுவிடும். பாட்டுப் பதிவில் ஈடுபடுபவர் மடிக்கணினி வாங்குவது சரியான தெரிவு. எழுதுபவருக்கு எதுவும் போதும். வீடியோவும் முப்பரிமாணமும் செய்பவருக்குத்தான் மேசை தேவை.

வீடியோவின் சுமையை ஒரு கணக்கே காட்டும். 4கே தரத்தில் கமரா வழமையாகச் செக்கனுக்கு 100 மெகாபிட் எழுதினால், ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. ஐந்து மணித்தியாலச் சாமத்தியவீடு 225 ஜிபி; 512 ஜிபி மடிக்கணினியில் பாதி இடம் ஒரே விழாவில் போய்விடும். சிறிய மாற்றுக்கோப்புகளை உருவாக்கி அவற்றில் வெட்டிவிட்டு, முடிவில் மூலக்கோப்போடு இணைக்கும் முறை டாவின்சி ரிசோல்வ் உட்பட எல்லா நல்ல மென்பொருள்களிலும் உண்டு. மெதுவான மடிக்கணினிக்காரர் முதலில் கற்கவேண்டியது இதுதான். கைப்பேசியில் காப்கட்டோடு திருப்தியடைபவர்களும் ஏராளம். ஒரு நிமிட வீடியோவுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

ஆப்பிள் இரண்டு பக்கத்தையும் ஒரே சில்லில் காட்டுகிறது. எம்4 சில்லும் 16 ஜிபி நினைவகமும் கொண்ட மக் மினி 2024 நவம்பரில் 599 டொலருக்கு வந்தது. அதே சில்லுக் குடும்பமும் அதே நினைவகமும் கொண்ட மக்புக் எயார் அடுத்த மார்ச்சில் 999 டொலர். 400 டொலர் வேறுபாடு திரைக்கும் பற்றரிக்கும் விசைப்பலகைக்கும். மினியில் விசிறி இருக்கிறது, எயாரில் இல்லை. மினி மின்சாரமும் மிகக் குறைவாகவே எடுப்பதால் மேலே சொன்ன அலகுக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆனால் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தாண்டியதைக் கண்ட நாட்டில், வயல் வருமானத்தில் வாழும் வீட்டுக்கு இரண்டும் எட்டாத தூரத்தில்தான் இருக்கின்றன.

கடைசியாக, வீட்டுக்குள் ஒரு நியாயம். மடிக்கணினி ஒருவருடைய பொருள். அண்ணன் வளாகத்துக்குப் போகும்போது அதுவும் போய்விடும். படம் வரையத் தொடங்கிய தங்கை வெறும் மேசையோடு நிற்பாள். மேசைக்கணினி வீட்டில் நிற்கும். மூன்று பிள்ளைகளும் தொடலாம், அம்மாவும் பழகலாம். படைப்பு ஆர்வம் வீட்டில் யாருக்கு எப்போது முளைக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, இரண்டாவது கணினி வாங்கும் வசதி வருகிற வீடு அதை மேசைக்கணினியாக வாங்கவேண்டும்.

அந்த வசதி வராத வீடுகளுக்கு ஊரின் சனசமூக நிலையம் ஒரு வழி. வரைகலை அட்டை பூட்டிய ஒரு டவர் பெட்டி, ஒரு நல்ல திரை, ஒரு யூபிஎஸ். வீட்டில் மெதுவான மடிக்கணினியில் மாற்றுக்கோப்புகளோடு வெட்டிய பிள்ளை, இறுதி ஏற்றுமதிக்கு மட்டும் வன்தட்டோடு அங்கே வரலாம். வெளிநாட்டிலிருந்து ஊர்ச்சங்கத்துக்கு உதவுபவர்கள் ஐந்து மலிவு மடிக்கணினிகளை ஐந்து பேருக்குக் கொடுப்பதைவிட, அந்தக் காசில் இப்படியொன்றை நிறுவுவது பலருக்குப் பயன்படும். திறப்பு யாரிடம், எந்த நாளில் யாருக்கு முறை, பெண்பிள்ளைகள் வர எந்த நேரம் வசதி என்பவற்றை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதிவைக்க வேண்டும். மின்செலவு தடையாக இருக்கத் தேவையில்லை: 300 வொட்டில் இரவு எட்டு மணித்தியாலம் ஒரு காட்சியை ஓடவிட்டால் 2.4 அலகு, அதைப் பயன்படுத்துபவரே கட்டிவிடலாம்.